பேஸ் அதிரும்போது ஆம்ப்ளிஃபயர் அணைந்துபோவது குறித்து

காரில் 1000 வாட் ஆம்ப்ளிஃபயரைப் பொருத்திய பிறகு, பேஸ் (பாட்டின் தாழ்ந்த, கனத்த ஒலி) அதிரும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கி, ஆம்ப்ளிஃபயர் அணைந்துவிடுவதாகவும், கெப்பாசிட்டர் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போது வாங்க வேண்டாம். கெப்பாசிட்டர் மின்சாரத்தைச் சிறிது நேரம் சேமித்து வைத்துத் தருமே தவிர, உற்பத்தி செய்வதில்லை. 80 சதவீதத் திறனுள்ள ஆம்ப்ளிஃபயர்கூட முழு வெளியீட்டில், 13.8 வோல்ட்டில், ஏறத்தாழ 90 ஆம்பியர் இழுக்கும்.

முதலில் எஞ்சினை ஓடவிட்டு, பாட்டை உரக்க ஒலிக்கச் செய்து, பேட்டரி முனைகளிலும் ஆம்ப்ளிஃபயர் முனைகளிலும் மல்டிமீட்டரால் வோல்டேஜை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், பெரும்பாலும் குறை வயரிலோ எர்த் இணைப்பிலோதான் இருக்கும்: எர்த் போல்ட்டுக்கு அடியிலுள்ள பெயின்ட்டை, தகடு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டிவிட்டு இறுக்குங்கள், செம்பு பூசிய அலுமினிய வயராக இருந்தால், தயங்காமல் முழுச் செம்பு வயருக்கு மாறுங்கள். பேட்டரியிலேயே வோல்டேஜ் 12.5-க்குக் கீழே இறங்கினால், உங்கள் ஆல்டர்னேட்டரின் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உற்பத்தி செய்யும் கருவி) திறன் இந்தச் சுமைக்குப் போதவில்லை.