15 மாதக் குழந்தைக்குச் சின்னம்மைத் தடுப்பூசி: போடலாமா, விட்டுவிடலாமா?

கேள்வி: மகளுக்கு 15 மாதம் ஆகிறது. குழந்தைகள் டாக்டர் சின்னம்மைத் தடுப்பூசி போடச் சொல்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் அது எங்களிடம் இல்லை என்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களோ, சின்ன வயசிலேயே வந்து போய்விட்டால் நல்லதுதானே என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: போட்டுவிடுங்கள். நான் டாக்டர் இல்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் யோசித்துக் கேட்டுப் போட்டவள் என்ற முறையில் சொல்கிறேன்.

சுகாதார நிலையத்தில் இல்லை என்பதால் வேண்டாத ஊசி என்று ஆகிவிடாது. அரசு இலவசமாகப் போடும் பட்டியலில் இது சேரவில்லை, அவ்வளவுதான். ஊருக்கே இலவசமாகப் போடும்போது அதிக உயிரைக் குடிக்கும் நோய்க்குத்தான் முதலில் காசு ஒதுக்குவார்கள். இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர்கள் சங்கத்தின் அட்டவணையில் சின்னம்மை ஊசி இருக்கிறது: 15 மாதத்தில் ஒன்று, 18, 19 மாதத்தில் இன்னொன்று. "அம்மை ஊசிதான் ஒன்பதாம் மாசமே போட்டாச்சே" என்று யாராவது சொன்னால், அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் எம்.ஆர். என்று எழுதியிருப்பது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் போட்டது. நீர்க் கொப்புளமாக வரும் சின்னம்மையை அது தடுக்காது.

அடுத்து, "சின்ன வயசில் வந்து போகட்டும்" என்ற பேச்சு. ஆரோக்கியமான குழந்தைக்கு வந்தால் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் இறங்கிவிடும், உண்மைதான். ஆனால் சின்ன வயசில்தான் வரும் என்று யார் உத்தரவாதம் கொடுத்தது? தடுப்பூசி இல்லாத காலத்தில் குளிர் நாடுகளில் பெரியவர்களாவதற்குள் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வந்துவிடும். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் அப்படி இல்லை, வராமலேயே வளர்ந்துவிடுகிறவர்கள் நிறைய. ஹாஸ்டலுக்கோ வேலைக்கோ போன இடத்தில் பிடித்துக்கொள்ளும். அமெரிக்கக் கணக்கில், தடுப்பூசிக்கு முன் சின்னம்மை வந்த சிறு குழந்தைகளில் லட்சத்துக்கு ஒருவர் இறந்தார். பெரியவர்களில் லட்சத்துக்கு 21 பேர்.

என் தம்பிக்கு வந்தபோது அவனுக்கு 28 வயது, சென்னையில் வேலை. உடம்புவலி, காய்ச்சல் என்று படுத்தான். மறுநாள் மார்பில் பனித்துளி மாதிரி இரண்டு கொப்புளம். அதற்கடுத்த நாள் உச்சந்தலை, இமை, வாய்க்குள், தொண்டை என்று இடம் பாக்கியில்லை. மோரை விழுங்கவே கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அரிப்புக்கு வேப்பிலைக் கொத்தால் வருடிக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருப்பான். இருமல் தொடங்கியதும் நிமோனியாவாக இருக்குமோ என்று டாக்டர் நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். நல்லவேளை, இல்லை.

அதைவிடப் பெரிய கவலை அவன் மனைவி. அப்போது அவளுக்கு நாலாம் மாதம். உடனே அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், ஆனால் சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே தொற்றும். கர்ப்பத்தின் முதல் பாதியில் தாய்க்கு வந்தால், அபூர்வமாகத்தான் என்றாலும், குழந்தையின் கை கால், கண், மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம். அவள் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று சோதனைக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வரும்வரை இரு வீட்டிலும் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. இருக்கிறது என்று வந்தது. சின்ன வயசில் லேசாக வந்து போயிருக்கும் போல, அவள் அம்மாவுக்கே நினைவில்லை. இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகு "வந்து போகட்டும்" என்று என் வாயில் வரவே இல்லை.

என் மாமியாருக்கு வேறு தயக்கம். அம்மா வருவதை ஊசி போட்டுத் தடுத்தால் தெய்வக் குத்தம் ஆகிவிடாதா என்று கேட்டார். அவர் கையில், தோளுக்குக் கொஞ்சம் கீழே, பெரியம்மைக்குக் குத்திய தழும்பு வட்டமாக இருக்கிறது. "அத்தை, இது யார் குத்தினது?" என்றேன். "வீடு வீடா வந்து குத்திட்டுப் போனாங்க, அப்ப நான் குழந்தை" என்றார். "அதுக்கு ஆத்தா கோவிச்சுக்கலையே?" கொஞ்ச நேரம் தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "சரி, போட்டுட்டு வாங்க" என்றார். 1975-க்குப் பிறகு இந்தியாவில் யாருக்கும் பெரியம்மை வரவில்லை. ஆடி மாதம் கூழ் ஊற்றுவதை அத்தையும் நிறுத்தவில்லை, நாங்களும் நிறுத்தச் சொல்லவில்லை.

ஊசி போட்டால் வரவே வராது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு டோஸ் போட்ட நூறு பேரில் எண்பது பேருக்கு மேல் நோயே வராது. மற்றவர்களுக்கு வந்தாலும் ஐம்பதுக்கும் குறைவான கொப்புளத்தோடு லேசாகப் போய்விடுவதுதான் வழக்கம். இரண்டு டோஸ் போட்டால் இது தொண்ணூறுக்கு மேல். ஆகவே ஒன்றோடு நிறுத்தாதீர்கள். அமெரிக்காவிலும் 1995-இல் ஒரே டோஸில்தான் தொடங்கினார்கள், பள்ளிகளில் அங்கங்கே பரவிக்கொண்டே இருந்ததால் 2006-இல் இரண்டாவதைச் சேர்த்தார்கள். தடுப்பூசியே வருவதற்கு முன் அங்கே ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் இதற்காகவே ஆஸ்பத்திரியில் படுத்தார்கள், நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். இப்போது நோயே 97 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது.

பிரிட்டன் ரொம்ப நாள் ஏன் போடவில்லை என்று சிலர் மடக்குவார்கள். சின்னம்மைக் கிருமி நோய் இறங்கிய பிறகும் நரம்பு வேரில் தூங்கிக்கொண்டிருக்கும், வயதான காலத்தில் அக்கியாக எழும். குழந்தைகளிடம் சின்னம்மை குறைந்தால் பெரியவர்களின் எதிர்ப்புச் சக்தி அவ்வப்போது புதுப்பிக்கப்படாமல் அக்கி கூடுமோ என்பது அவர்கள் பயம். அமெரிக்காவின் நீண்ட அனுபவத்தைப் பார்த்துவிட்டு அவர்களும் 2026 ஜனவரியில் தொடங்கிவிட்டார்கள். ஊசி போட்ட குழந்தைகளுக்கு அக்கி வருவதும் குறைவுதான்.

காசு விஷயத்தையும் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஒரு டோஸுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் ஆனது. மாதச் சம்பளத்தில் இழுத்துப் பிடித்து ஓட்டுகிறவர்களுக்கு இது பெரிய தொகை. அப்படியென்றால் அரசு போடும் ஊசிகளில் ஒன்றைக்கூட விடாமல் முதலில் முடியுங்கள், அதில் சமரசமே கூடாது. சின்னம்மையைச் சில மாதம் தள்ளிப் போட்டால் குடி முழுகிப் போகாது. ஆனால் தள்ளிப் போட்டு மறந்துவிடாதீர்கள், பள்ளியில் சேர்ப்பதற்குள்ளாவது முடித்துவிடுங்கள்.

போடும்போது என்ன நடக்கும்? குப்பியில் பொடியாக இருக்கும் மருந்தில், கூடவே வரும் நீரைச் செலுத்திக் கலக்கி உடனே போட வேண்டும். எங்கள் நர்ஸ் குப்பியின் காலாவதித் தேதியைக் காட்டிவிட்டு கண்ணெதிரே கலந்தார். நீங்களும் கேட்டுப் பார்க்கலாம், தப்பே இல்லை. என் மகனுக்கு அன்று கை லேசாக வீங்கியது. ஒரு வாரம் கழித்துக் கொஞ்சம் காய்ச்சல், வயிற்றில் நாலைந்து பொரி. டாக்டர் அதை முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை.

இது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி. அதனால் கர்ப்பிணிக்குப் போடக் கூடாது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தை, ஸ்டீராய்டு அதிக அளவில் எடுக்கும் குழந்தை என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) ஊசியை அதே நாளில் போடலாம், இல்லையென்றால் நாலு வாரம் இடைவெளி வேண்டும்.

ஊசி போடுவதற்குள் வீட்டில் யாருக்காவது வந்துவிட்டால்? மூன்று நாளுக்குள், முடியாவிட்டால் ஐந்து நாளுக்குள் குழந்தைக்கு ஊசி போட்டால் இன்னும் பலன் உண்டு என்பதால் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். வந்தவர் குழந்தை என்றால் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. வந்தவர் பெரியவர் என்றால், கொப்புளம் தெரிந்த முதல் நாளே டாக்டரிடம் போனால் அசைக்ளோவிர் மாத்திரை தருவார். வேப்பிலை பாட்டுக்கு வாசலில் இருக்கட்டும், மாத்திரையும் நடக்கட்டும். அப்புறம், உங்கள் கணவருக்கும் உங்களுக்கும் சின்னம்மை வந்ததுண்டா என்று இரண்டு பக்கத்து அம்மாக்களிடமும் கேட்டு வையுங்கள். வரவில்லை என்றால் பெரியவர்களுக்கும் இதே ஊசி இரண்டு டோஸ் உண்டு. அடுத்த குழந்தைக்குத் திட்டமிருந்தால் அதற்கு முன்பே முடிக்க வேண்டும்.