58 வயதில் முதன்முறையாக டாட்டூ போடலாமா? சர்க்கரை உண்டு, குன்னூர்வாசி.

போடலாம். வயது தடையில்லை, சர்க்கரைதான் முடிவு செய்யும். ஹெச்பிஏ1சி (கடந்த சில மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) கட்டுக்குள் இல்லையென்றால் தள்ளிப்போடுங்கள், புண் ஆறாமல் சீழ் பிடிக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் என்றால் டாட்டூவுக்காக அதை நீங்களாக நிறுத்தவே கூடாது. முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

ஊசி 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில், நடுத்தோலில் மையை விட வேண்டும். வயதாக ஆகத் தோல் மெலிகிறது; சற்று ஆழமாகப் போனாலும் மை அடியில் கசிந்து, கோட்டைச் சுற்றி நீலமாகப் பரவும். அதனால் பேரன் பெயரைப் பொடி எழுத்தில் முன்கையில் கேட்காதீர்கள். மேல்கையின் வெளிப்புறம், பெரிய எழுத்து, தாராளமான இடைவெளி. படுகர் பாட்டிகளின் நெற்றியில் உள்ள பச்சையைக் கவனியுங்கள்: வெறும் புள்ளியும் கோடும்தான், மை பரவினாலும் வடிவம் கெடாது. மச்சத்தின் மேல் மட்டும் வேண்டவே வேண்டாம். பின்னால் அது நிறம் மாறினால் கண்ணுக்குத் தெரியாது.

கடையில் ஊசி உறையை உங்கள் எதிரில் பிரிக்கச் சொல்லுங்கள். மையைப் புதுக் கிண்ணத்தில் ஊற்ற வேண்டும்; மிச்சத்தைப் பாட்டிலில் திரும்ப ஊற்றுகிற இடம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஹெபடைடிஸ் பி (ரத்தம் வழியே பரவும் கல்லீரல் தொற்று) தடுப்பூசி போட்டிராவிட்டால் அதை முதலில் முடியுங்கள்: 0, 1, 6 மாதங்களில் மூன்று தவணை.

மேல்தோல் ஆற 2 முதல் 4 வாரம் ஆகும். நம் ஊர்க் குளிரில் வெயில் உறைக்காது, ஆனால் உயரத்தில் புற ஊதாக் கதிர் அதிகம், மூடியே வையுங்கள். கம்பளி ஸ்வெட்டர் நேரடியாக உரசினால் பொருக்கு பிய்ந்து மையும் போய்விடும், உள்ளே தளர்வான பருத்திச் சட்டை போடுங்கள். ரத்த தானம் செய்கிறவர் என்றால் 12 மாதம் காத்திருக்க வேண்டும்.