அப்பா ஆமியில் இருந்ததை நினைவு மலரில் எழுதலாமா?

கேள்வி: எங்கள் அப்பா சென்ற வருடம் 92ஆவது வயதில் காலமானார். 1952 முதல் 1974 வரை இலங்கை இராணுவத்தின் பொறியியல் படைப்பிரிவில் வேலை செய்தவர். அம்மா ஏழு வருடம் படுக்கையில் கிடந்தபோது தானே சமைத்து ஊட்டிவிட்டார். அவர் நினைவாக அச்சிட்ட கல்வெட்டுப் புத்தகத்தில் ‘ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர்’ என்று மட்டும்தான் போட்டோம். ஆட்டைத்திவசத்துக்கு (முதலாம் ஆண்டு நினைவுக்கு) அடிக்கும் மலரில் உள்ளதை எழுத விரும்புகிறேன். டொரொன்டோவில் இருக்கும் தம்பி, “ஆமி என்ற சொல்லே வேண்டாம்” என்கிறான். 1983இல் தமிழருக்கு எதிரான கலவரத்தின்போது நாங்களே கொழும்பில் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமில் கிடந்தவர்கள். என்ன செய்வது?
– ஒரு மகள், வெள்ளவத்தை

பதில்: எழுதுங்கள் சகோதரி. இருபத்திரண்டு வருடத்தை எடுத்துவிட்டால், இருபது வயதிலிருந்து நாற்பத்திரண்டு வயது வரை அப்பா எங்கே போனார் என்று பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். உங்களை வளர்த்த சம்பளமும் அதில்தான் வந்தது.

தம்பியின் மனதும் எனக்கு விளங்குகிறது. அந்தச் சொல்லைக் கேட்டதும் அவருக்கு முதலில் நினைவுக்கு வருவது அப்பா அல்ல, 83உம் அதற்குப் பிறகு நடந்தவையும். அது பொய்யான வலி இல்லை. அதனால் அவரோடு வாதாடி வெல்லப் பார்க்க வேண்டாம். அப்பா சேர்ந்தது எந்தக் காலத்து இராணுவத்தில் என்பதை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள். 1949இல் தொடங்கிய இலங்கை இராணுவத்துக்கு 1955இல் தளபதியாக வந்த முதல் இலங்கையர் அன்ரன் முத்துக்குமாரு ஒரு தமிழர். அந்த நாளில் படையில் சேர்வதை வீட்டுக்குப் பெருமையாக நினைத்த தமிழ்க் குடும்பங்கள் கொழும்பிலேயே இருந்தன.

1956இல் சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் வந்த பிறகு ஒரு தமிழர் அங்கே பதினெட்டு வருடம் இருந்தார் என்றால், அதிலும் ஒரு கதை இருக்கும். அப்பா அதைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் அவர் சொன்னபடியே எழுதுங்கள். சொல்லாமல் விட்டிருந்தால் நீங்களாக நிரப்ப வேண்டாம்.

‘தாய்நாட்டின் வீரப் புதல்வன்’ மாதிரி வசனங்களை அச்சகத்தில் தாங்களாகவே சேர்த்துவிடுவார்கள், கவனம். அவர் செய்த வேலையை எழுதினால் போதும். 1957 டிசம்பர் வெள்ளத்தில் குளங்கள் உடைத்து, வீதிகளும் பாலங்களும் அடித்துப் போனபோது படையினரும் மீட்பு வேலைக்கு இறங்கினார்கள். 1964 டிசம்பரில் சூறாவளி மன்னாரையும் திருகோணமலையையும் அடித்தது. அப்போதெல்லாம் அப்பா எங்கே இருந்தார்? அவருடைய சேவைப் பத்திரம், பென்சன் கடிதங்கள், பழைய அல்பத்தில் படங்களின் பின்பக்கம் எல்லாவற்றையும் பாருங்கள். தேதியும் ஊரும் கிடைக்கும். அவரோடு வேலை செய்தவர்கள் உயிரோடு இருந்தால் இந்த மாதமே போய்ப் பாருங்கள். அவர்களுக்கும் தொண்ணூறு வயதை நெருங்கியிருக்கும், தள்ளிப்போட நேரமில்லை.

இன்னொன்று. இராணுவத்துக்கு ஒரு பக்கம், குடும்பத்துக்கு ஒரு பக்கம் என்று பிரிக்காதீர்கள். லீவில் வந்தபோது உங்களுக்கு என்ன கொண்டு வந்தார், அவர் இல்லாத மாதங்களில் அம்மா வீட்டை எப்படிச் சமாளித்தார், ஆமியில் படிந்த எந்தப் பழக்கம் அம்மாவைப் பார்த்துக்கொண்ட அந்த ஏழு வருடமும் கைகொடுத்தது என்பதெல்லாம் ஒன்றாகவே வரட்டும். 83இல் முகாமில் இருந்ததையும் மறைக்க வேண்டாம். நாட்டுக்கு இருபத்திரண்டு வருடம் உழைத்த மனிதர், அதே நாட்டில் குடும்பத்தோடு அகதியாக இருந்தார். இந்த இரண்டையும் அடுத்தடுத்து, விளக்கம் எதுவும் சேர்க்காமல் எழுதுங்கள். தம்பியின் கோபத்துக்கும் அதில் இடம் கிடைக்கும்.

முகாம் பற்றிய பகுதியைத் தம்பியையே எழுதச் சொல்லிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் கேட்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்து ஆறுதலாகக் கதையுங்கள். மாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம், நீங்களே எழுதி அச்சுக்குக் கொடுக்கும் முன் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அப்பாவின் சிங்கள நண்பர் யாராவது ஒரு பக்கம் தந்தால் மூலத்தையும் தமிழையும் சேர்த்தே போடுங்கள். இரண்டு எழுத்துருவிலும் பிழை திருத்த நாள் எடுக்கும், அச்சகத்துக்கு ஒரு மாதம் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள்.