தாயாருடன் மாயேபூர் கடலோரம்: அரை நாள் போதும்

வணக்கம் ஐயா. முழங்கால் வலியுள்ள தாயாருடன், திங்கட்கிழமை மாலை விமானம் ஏறுமுன் மொரீஷியஸ் தீவிலுள்ள மாயேபூர் ஊரின் கடலோரத்தைப் பார்த்துவிட முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடியும், விமான நிலையம் மிக அருகில்தான் இருக்கிறது. திங்களன்று கூடும் பெரிய சந்தையில் நெரிசல் மிகுதி என்பதால், அங்கே காலையிலேயே சென்றுவிட்டு, பிறகு புவாந்த் தே ரெகாத் முனைக்கு வந்து தாயாரை நிழலான இடத்தில் அமர்த்துங்கள். 1810 ஆகஸ்டில் பிரெஞ்சுக் கடற்படை ஆங்கிலேயரை வென்ற கிராண்ட் போர்ட் போரில் இரு தரப்பிலும் மாண்டவர்களுக்காக எழுப்பிய நினைவுத்தூண் அங்கே நிற்கிறது. பகைவர் இருவருக்கும் ஒரே தூண் என்பது என் நெஞ்சைத் தொட்ட செய்தி. போர் நிகழ்ந்த விரிகுடாவையும் சிங்க மலையையும் அங்கிருந்தே காணலாம். படகேறிச் செல்ல வேண்டிய எக்ரெத் தீவை இம்முறை விட்டுவிடுங்கள். அம்மாவின் முழங்காலுக்கு அது ஆகாது.