வங்கி டேட்டாபேஸிலிருந்து மருத்துவமனை டேட்டாபேஸுக்கு: என்னதான் மாறும்?

கேள்வி: வங்கித் துறையில் எஸ்கியூஎல் சர்வர் (மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருள்) டிபிஏவாக, அதாவது டேட்டாபேஸ் நிர்வாகியாகப் பல வருடம் வேலை பார்த்தவன் நான். இப்போது ஒரு மருத்துவமனைக் குழுமத்தில் அதே வேலை கிடைத்திருக்கிறது. "டேட்டாபேஸ் எங்கே இருந்தாலும் டேட்டாபேஸ்தானே" என்கிறார்கள் நண்பர்கள். உண்மையிலேயே வித்தியாசம் உண்டா? சேர்வதற்கு முன்னால் எதைப் படிப்பது, சான்றிதழ் ஏதாவது எடுக்க வேண்டுமா?

பதில்: நண்பர்கள் சொல்வது பாதி சரி. பேக்கப், இண்டெக்ஸ், டெட்லாக், நடு ராத்திரி போன் எல்லாம் அங்கேயும் அப்படியேதான் இருக்கும். எதற்குப் பயப்பட வேண்டும் என்பதுதான் மாறும். சர்வர் படுத்துவிட்டால் மருத்துவமனையிலும் கலவரம்தான், ஆனால் ஓரளவு ஒழுங்காக நடக்கும் மருத்துவமனையில் அதற்கென்று ஏற்பாடு இருக்கும்: காகிதப் படிவங்கள், வார்டில் ஒன்றிரண்டு கணினிகளில் அவ்வப்போது இறங்கிக்கொண்டிருக்கும் மருந்துப் பட்டியல், இப்படி. சிஸ்டம் இல்லை என்பது நர்ஸுக்குத் தெரியும், அதனால் எல்லாவற்றையும் இரண்டு தரம் கேட்டுச் செய்வார். சிஸ்டம் ஜோராக ஓடிக்கொண்டே தப்பான தகவலைக் காட்டினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், அதுதான் பயங்கரம். வங்கியில் கணக்கு உதைத்தால் அன்றிரவே டாலி ஆகாமல் மாட்டிக்கொள்ளும். ஒரு நோயாளியின் ஒவ்வாமைப் பட்டியலில் ஒரு வரி காணாமல் போனால் காட்டிக்கொடுக்க அங்கே எந்த டாலியும் கிடையாது.

ரிப்போர்ட் மெதுவாக வருகிறது என்று க்வெரிக்குக் க்வெரி நோலாக் (பூட்டுக்குக் காத்திராமல் படிக்கச் சொல்லும் குறிப்பு) போடும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் அதை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அது இன்னும் கமிட் ஆகாத (உறுதியாகாத) வரியையும் படிக்கும், டேட்டா பேஜ் (சேமிப்புப் பகுதி) நிரம்பி இரண்டாகப் பிரிகிற நேரத்தில் ஒரே வரியை இரண்டு முறை எடுக்கும், சில வரிகளைத் தாண்டியும் போய்விடும். விற்பனை ரிப்போர்ட்டில் இது ஒரு எரிச்சல், அவ்வளவுதான். இன்றிரவு யாருக்கு எந்த மருந்து என்ற பட்டியலில் ஒரு வரி விட்டுப்போனால்? ரிப்போர்ட்டுகளைப் படிப்பதற்கு மட்டுமான ரெப்ளிகாவுக்கு (நகல் டேட்டாபேஸ்) தள்ளுங்கள், இல்லாவிட்டால் ரீட் கமிட்டட் ஸ்னாப்ஷாட்டை (கடைசியாக உறுதியான நிலையைப் படிக்க வைக்கும் அமைப்பு) இயக்குங்கள். டெம்ப்டிபி என்ற தற்காலிக டேட்டாபேஸ் மேல் சுமை கூடும், அதற்கு முன்கூட்டியே இடம் ஒதுக்க வேண்டும்.

இதைச் செய்யவே உங்களுக்கு உரிமை இல்லாமலும் போகலாம். மருத்துவமனை மென்பொருளில் பெரும்பாலானவற்றின் ஸ்கீமா (அட்டவணைகளின் அமைப்பு) வெண்டருடையது, அதாவது விற்ற நிறுவனத்துடையது. அவர்களைக் கேட்காமல் ஒரு இண்டெக்ஸ் சேர்த்தால்கூட 'இனி சப்போர்ட் கிடையாது' என்று கைகழுவ வாய்ப்புண்டு, ஆகவே முதல் வாரமே ஒப்பந்தத்தைப் படியுங்கள். பேட்ச் போடுவதிலும் இதே இழுபறிதான். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்) இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். மருத்துவமனைகளை முடக்கியபோது, அந்த ஓட்டைக்கான பேட்சை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டு ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகியிருந்தது. ரத்தான மருத்துவச் சந்திப்புகள் 19,000க்கும் மேல் என்று பின்னால் மதிப்பிட்டார்கள். வெண்டர் ஒப்புதல் தராத பேட்சுகளை ஒரு பட்டியலாக எழுதி, ஆபத்தை விளக்கி மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரான்சம்வேரைப் பொறுத்தவரை, டொமைன் அட்மின் (நெட்வொர்க் முழுவதற்குமான நிர்வாகி) கணக்கைப் பிடித்தவனால்கூட அழிக்க முடியாத இடத்தில் ஒரு பேக்கப் இருந்தே ஆக வேண்டும்.

ரீஸ்டோர் விஷயத்துக்கு வருகிறேன், வங்கி அனுபவசாலிகளே இடறுகிற இடம் இது. மருத்துவமனையில் ஒரே டேட்டாபேஸ் என்று எதுவும் கிடையாது. நோயாளிப் பதிவு ஒன்று, லேப் ஒன்று, மருந்தகம் ஒன்று, ஸ்கேன் படங்களுக்குத் தனியாக ஒன்று, எல்லாம் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். காலை 10.40க்கு ஏதோ கெட்டுப்போய் நீங்கள் முக்கிய டேட்டாபேஸை 10.15 நிலைக்குத் திருப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். லேப் 10.25க்கே முடிவை அனுப்பிவிட்டது, 'வந்து சேர்ந்தது' என்று பதிலும் வாங்கிவிட்டது, அதனால் மறுபடி அனுப்பாது. உங்கள் பக்கம் அந்த முடிவே இல்லை. அப்புறம் 10.15க்குப் பிறகு பதிவான புது நோயாளிக்குக் கொடுத்த அதே எண்ணை உங்கள் சீக்வென்ஸ் (எண் வழங்கும் வரிசை) அடுத்து வருபவருக்கும் கொடுக்கும், மருந்தகத்திலோ அந்த எண் இன்னும் முதல் ஆளின் பெயரில் கிடக்கும். எனவே ரீஸ்டோர் முடிந்ததும் சிஸ்டத்தைத் திறந்துவிடாதீர்கள். இன்டர்ஃபேஸ் குழுவோடு (சிஸ்டங்களுக்கு இடையே போகும் செய்திகளைக் கவனிப்பவர்கள்) உட்கார்ந்து இடைப்பட்ட செய்திகளை மறுபடி ஓட்டி, எண் வரிசையை முன்னுக்குத் தள்ளி, அந்த இடைவெளியில் கையால் பதிவானவை எவை என்று வார்டுகளுக்குப் பட்டியல் கொடுத்த பிறகுதான் திறக்க வேண்டும். ஒத்திகை பார்த்தால் ரீஸ்டோருக்கு ஆகும் நேரத்தைவிட இதற்கு ஆகும் நேரம் அதிகம் என்று தெரியவரும், எவ்வளவு நேரம் ஆகும் என்று மேலிடத்துக்குச் சொல்ல வேண்டிய கணக்கும் அதுதான்.

டெஸ்ட் சர்வரிலும் இதே கதை தலைகீழாக நடக்கும். டெவலப்பர் கேட்டார் என்று நிஜ டேட்டாபேஸின் காப்பியை டெஸ்டில் ஏற்றினால், உள்ளே இருக்கும் இன்டர்ஃபேஸ் முகவரிகளும் கூடவே வந்துவிடும். டெஸ்டில் யாரோ விளையாட்டாகப் போட்ட ஆர்டர் நிஜ மருந்தகத்துக்குப் போகும், நிஜ நோயாளிக்குக் குறுஞ்செய்தி போகும். முகவரிகளை அழிக்கும் ஸ்கிரிப்ட் ஓடி முடியும் வரை அந்த சர்வருக்கு வெளி நெட்வொர்க் இருக்கவே கூடாது.

டெஸ்ட் காப்பியில் பெயரை மட்டும் மறைத்துக் கொடுத்தால் போதுமா என்றால், போதாது. அமெரிக்காவில் லத்தான்யா ஸ்வீனி 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு இந்த மூன்றை வைத்தே அந்நாட்டு மக்களில் 87 சதவீதம் பேரைத் தனித்தனியாக அடையாளம் காண முடியும். அங்கே மருத்துவத் தகவலின் ரகசியம் காக்கும் ஹிப்பா சட்டத்தின் நேரடி வழிமுறை 18 வகை அடையாளங்களை நீக்கச் சொல்வதும், தேதிகளில் வருடத்தை மட்டும் விட்டுவைக்கச் சொல்வதும் இதனால்தான். உங்கள் நாட்டுச் சட்டம் வேறாக இருக்கலாம், கணக்கு ஒன்றுதான். பலரும் மறந்துவிடும் இன்னொரு இடம் குறிப்புப் பெட்டி. பெயர் பத்தியை மறைத்திருப்பீர்கள், "இவர் மகள் இன்னார் போன் செய்தார்" என்று மருத்துவர் தட்டச்சு செய்தது அப்படியே இருக்கும்.

ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு இருக்கும், அதைப் பார்த்துக் கை துறுதுறுக்கும். தொடாதீர்கள். டூப்ளிகேட் இருந்தால் பழைய விவரம் கிடைக்காமல் போகலாம், தப்பாக ஒட்டிவிட்டாலோ ஒருவரின் ரத்த வகை இன்னொருவர் பெயரில் உட்கார்ந்துவிடும், பிரித்தெடுப்பது பெரும் பாடு. ஒட்டுவது மருத்துவப் பதிவேட்டுத் துறையின் வேலை, அதுவும் அப்ளிகேஷன் வழியாக. அப்போதுதான் மற்ற சிஸ்டங்களுக்கும் செய்தி போகும் (மருத்துவ சிஸ்டங்கள் செய்தி பரிமாறும் தரநிலையான எச்.எல்.7இல் இதற்கென்றே ஏ40 என்று ஒரு வகை உண்டு). லேப் முடிவுப் பத்தி எண்ணாக இல்லாமல் எழுத்தாக இருக்கிறதே என்று திருத்தவும் போகாதீர்கள். "5க்குக் கீழ்", "மாதிரி கெட்டுவிட்டது" என்பதெல்லாமும் முடிவுதான்.

சான்றிதழா, அவசரம் இல்லை. எச்.எல்.7 இரண்டாம் பதிப்பின் செய்தி ஒன்றை வரி வரியாகப் படிக்கத் தெரிந்தால் முதல் மூன்று மாதம் ஓட்டிவிடலாம். பிறகு எச்.எல்.7இன் புதிய தரநிலையான ஃபையர், ஸ்கேன் படங்களுக்கான தரநிலையான டைகாம். எல்லாமே எஸ்கியூஎல்தான் என்றும் நினைத்துவிடாதீர்கள், 1960களில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பிறந்த மம்ப்ஸ் என்ற டேட்டாபேஸ் மொழியின் வாரிசுகள் இன்றும் பெரிய மருத்துவமனைகளை ஓட்டிக்கொண்டிருக்கின்றன. எனக்கென்னவோ அதன்மேல் ஒரு மரியாதை உண்டு, புதுசாகப் படிக்க வருகிறவர்கள் திட்டுவார்கள் என்றாலும்.

உங்கள் சொந்த லாகின் பற்றியும் ஒரு வார்த்தை. டிபிஏ எல்லோருடைய பதிவையும் பார்க்க முடியும், டிஸ்க்கில் என்கிரிப்ஷன் போட்டிருப்பது உங்களைத் தடுக்காது. தெரிந்தவர் அட்மிட் ஆகியிருக்கிறார் என்று எட்டிப் பார்த்தால் வேலை போகும், சில நாடுகளில் வழக்கும் வரும். உங்கள் க்வெரிகள் பதிவாகும் ஆடிட் லாகை நீங்களே அழிக்க முடியாத வேறு சர்வருக்கு அனுப்பச் சொல்லி நீங்களே கேளுங்கள், பின்னால் சந்தேகம் வந்தால் உங்களைக் காப்பாற்றப் போவதும் அந்த லாகுதான்.

சேர்ந்த முதல் நாள் இரண்டு கேள்வி கேளுங்கள்: கடைசியாக முழு ரீஸ்டோர் செய்து பார்த்தது எப்போது, அதற்குப் பிறகு செய்திகளை மறுபடி ஓட்டியது யார்? யாரும் பதில் சொல்லாவிட்டால் முதல் மாதம் வேறு எந்த வேலையையும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.