கணினிப் பக்கம்: வாசகர் கேள்விகள் – பெயர் ஒன்று, எக்செல் இரண்டு

கேள்வி (சாட்ஸ்வொர்த்): கோயில் நன்கொடைக் கணக்குக்கு வங்கியிலிருந்து சிஎஸ்வி கோப்பு (கமாவால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) எடுக்கிறோம். செயலாளரின் மேக்புக்கில் திறந்தால் மொத்தம் சரியாக வருகிறது. என் விண்டோஸ் மடிக்கணினியில் பல ஆயிரம் ரேண்ட் குறைகிறது. 1,250 என்று இருக்க வேண்டிய தொகை 1,25 ஆகிவிடுகிறது. மேக் எக்செல்தான் நல்லதா?

பதில்: எக்செல் மேல் பழி இல்லை. விண்டோஸில் 'இங்கிலீஷ் (சவுத் ஆப்பிரிக்கா)' என்று வட்டாரத்தைத் தேர்ந்தால், தசமக் குறி கமா, ஆயிரத்துக்கு இடைவெளி. நாட்டின் அதிகாரபூர்வ முறை அது. கடை ரசீதிலும் வங்கிக் கோப்பிலும் நாம் பார்ப்பதோ புள்ளி. செயலாளரின் மேக்கில் எண் வடிவம் புள்ளிக்கு வைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான்.

உங்கள் கணினியில் நடப்பது இது. 1,250 என்பதை எக்செல் 'ஒன்றே கால்' என்று படிக்கிறது. 1,250.50 என்பதில் கமாவும் புள்ளியும் சேர்ந்து வருவதால் அதை எண்ணாகவே ஏற்காமல் எழுத்தாக வைத்துக்கொள்கிறது. எழுத்தைக் கூட்டல் சூத்திரம் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும், பிழைச் செய்தி வராது. நெடுவரிசையை ஒரு பார்வை பாருங்கள்: எண்கள் கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கும், எழுத்தானவை இடது ஓரத்தில் நிற்கும். இடப்பக்கம் நிற்பவை எல்லாம் மொத்தத்தில் சேராதவை.

எழுத்தானவற்றை மீட்கலாம். ஒன்றே காலாகிப் போனதை மீட்க முடியாது, ஏனெனில் அது உண்மையான 1,25-ஆ, கெட்டுப்போன 1,250-ஆ என்று தாளைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. ஆகவே வங்கிக் கோப்பை மறுபடி இறக்கித் தொடங்குங்கள். இரட்டைச் சொடுக்கில் திறந்தால் எல்லாம் முதல் நெடுவரிசையிலேயே குவிந்து கிடக்கும்; கமா தசமத்துக்குப் போய்விட்டதால் எக்செல் பிரிப்புக் குறியாக அரைப்புள்ளியை எதிர்பார்க்கிறது. பரவாயில்லை. அந்த நெடுவரிசையைத் தேர்ந்து, டேட்டா பட்டையில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' அழுத்துங்கள். முதல் படியில் 'டிலிமிட்டெட்', இரண்டாவதில் 'கமா'. மூன்றாவது படியில் எல்லாரும் அவசரமாக 'ஃபினிஷ்' அழுத்திவிடுவார்கள். அங்கேதான் 'அட்வான்ஸ்ட்' பொத்தான் இருக்கிறது. அதில் தசமத்துக்குப் புள்ளி, ஆயிரத்துக்குக் கமா என்று கொடுத்துவிட்டு முடியுங்கள். மேக்கிலும் இதே பொத்தான் இதே இடத்தில்தான்.

ஒவ்வொரு மாதமும் இதைச் செய்யச் சலிப்பாக இருந்தால், கன்ட்ரோல் பேனலில் 'ரீஜன்', 'அடிஷனல் செட்டிங்ஸ்' போய் தசமக் குறியைப் புள்ளியாகவும் ஆயிரக் குறியையும் பட்டியல் பிரிப்பானையும் கமாவாகவும் மாற்றிவிடுங்கள். மேக்கில் 'சிஸ்டம் செட்டிங்ஸ்', 'ஜெனரல்', 'லேங்குவேஜ் அண்ட் ரீஜன்', 'நம்பர் ஃபார்மட்'. மாற்றிய பிறகு எக்செல்லை முழுக்க மூடித் திறக்க வேண்டும். மேக்கில் சிவப்புப் பொத்தான் ஜன்னலை மட்டும்தான் மூடும், செயலி பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும், கமாண்ட்+கியூ அழுத்துங்கள்.

உங்கள் இருவருக்குள் கோப்பு போய்வரும்போது எக்செல் கோப்பாகவே அனுப்புங்கள். அதற்குள் எண் எண்ணாகவே இருக்கும்; கமாவா புள்ளியா என்பது திறக்கும் கணினியின் காட்சி மட்டும். சிஎஸ்வியில் இருப்பது வெறும் எழுத்து.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): சங்க உறுப்பினர் பட்டியலை ஒரு பழைய மேக் கோப்பிலிருந்து விண்டோஸ் கோப்புக்கு ஒட்டினேன். சேர்ந்த தேதிகள் எல்லாம் நாலு வருடம் பின்னே போய்விட்டன.

பதில்: நாலு வருடமும் ஒரு நாளும். 2010 ஜனவரி 14 என்று இருந்தது 2006 ஜனவரி 13 ஆகியிருக்கும், பொங்கல் போகியாகிவிடும்.

எக்செல் தேதியை நாள் எண்ணிக்கையாகத்தான் வைத்துக்கொள்கிறது. விண்டோஸ் எக்செல் 1900-லிருந்து எண்ணுகிறது. பழைய மேக் எக்செல் 1904 ஜனவரி 1-லிருந்து எண்ணியது. எக்செல் முதலில் 1985-இல் மேக்குக்குத்தான் வந்தது, விண்டோஸுக்கு 1987-இல். இரண்டு கணக்குக்கும் இடைவெளி 1462 நாள். இன்றைய மேக் எக்செல்லில் புதிதாகத் திறக்கும் கோப்பு 1900 கணக்கில்தான் வரும், பழைய கோப்புகள் மட்டும் பழைய கணக்கைச் சுமந்துகொண்டிருக்கும்.

காலியான ஒரு கட்டத்தில் 1462 என்று அடித்து நகலெடுங்கள். தவறிய தேதிகளைத் தேர்ந்து 'பேஸ்ட் ஸ்பெஷல்' திறந்து, மேலே 'வேல்யூஸ்', கீழே 'ஆட்' இரண்டையும் குறியுங்கள். 'வேல்யூஸ்' குறிக்க மறந்தால் தேதி 40192 என்பதுபோல் எண்ணாகத் தெரியும். பதற வேண்டாம், தேதி வடிவத்தைத் திரும்பக் கொடுத்தால் சரியாகும். ஆப்ஷன்ஸில் '1904 டேட் சிஸ்டம்' என்று ஒரு பெட்டி இருக்கிறதே, அதைத் தட்டினால் போதுமே என்று தோன்றும். தட்டாதீர்கள். அந்தக் கோப்பில் சரியாக இருக்கும் தேதிகளும் சேர்ந்து நகர்ந்துவிடும்.

கேள்வி (டொங்காட்): கடை பில் போடும் எக்செல் கோப்பில் உள்ள பொத்தான்கள் மகளின் மேக்கில் அசையவே இல்லை. மைக்ரோசாஃப்டின் தரவுத்தளச் செயலியான ஆக்சஸில் வைத்த சரக்குப் பட்டியலும் திறக்கவில்லை.

பதில்: ஆக்சஸ் மேக்குக்கு வந்ததே இல்லை, பக்க வடிவமைப்புச் செயலியான பப்ளிஷரும் அப்படித்தான். சரக்குப் பட்டியலை விண்டோஸ் கணினியில் எக்செல்லாக ஏற்றுமதி செய்து கொடுக்கலாம், ஆனால் அட்டவணைகளுக்கு இடையே உள்ள தொடர்புகளும் படிவங்களும் கூட வராது.

பொத்தான்கள் ஆக்டிவ்எக்ஸ் வகையாக இருக்கும். மேக் எக்செல் அவற்றை இயக்காது. விண்டோஸில் 'டெவலப்பர்', 'இன்சர்ட்' திறந்தால் பொத்தான்கள் இரண்டு வரிசையாக இருக்கும். மேல் வரிசை 'ஃபார்ம் கன்ட்ரோல்ஸ்'. அதிலிருந்து புதுப் பொத்தான் போட்டு அதே மேக்ரோவை (பொத்தான் இயக்கும் கட்டளைத் தொடரை) இணையுங்கள், இரண்டிலும் ஓடும். அதன் பிறகும் 429 என்ற பிழை வந்தால், மேக்ரோவுக்குள் 'ஸ்கிரிப்டிங் டிக்ஷனரி' போல விண்டோஸுக்கே உரிய துணைப்பொருள் ஒன்றை அழைத்திருக்கிறார்கள். கோப்புப் பாதையில் பின்சாய்வுக் கோடு (\) கையால் எழுதப்பட்டிருந்தாலும் மேக்கில் தடுக்கும். எழுதிக் கொடுத்தவரிடம் இந்த இரண்டையும் சொன்னால் அவருக்குப் புரியும். மேக் வாங்கும் முன் கேட்க வேண்டியது 'மேக்கில் எக்செல் ஓடுமா' என்பதல்ல, 'இந்தக் கோப்பு ஓடுமா' என்பது. பெரிய தரவுகளைத் தொகுத்து ஆராயும் எக்செல் வசதியான பவர் பிவட் பயன்படுத்தும் கணக்காளர்களுக்கும் இதே பதில்தான்: மேக்கில் அது இல்லை.

கேள்வி (லெனேசியா, தமிழ்ப் பள்ளி ஆசிரியை): வேர்டில் இரண்டு பக்கத்துக்கு அளவாகச் செய்த பாடத்தாள் மேக்கில் மூன்றாம் பக்கத்துக்கு ஓடுகிறது. இன்னொரு பழைய கோப்பில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கின்றன.

பதில்: முதலாவது எழுத்துரு மாறுவதால். விண்டோஸில் தமிழுக்கு லதா, விஜயா, நிர்மலா யூஐ. மேக்கில் இணைமதி, தமிழ் எம்என், தமிழ் சங்கம் எம்என். லதாவில் அடித்ததை லதா இல்லாத மேக் தன்னிடம் இருப்பதைக் கொண்டு காட்டுகிறது. ஒன்றில் 'ணை' அகலமாக விழும், இன்னொன்றில் குறுகி விழும். வரிக்கு ஒரு சொல் தள்ளினாலே பக்கம் வழிந்துவிடும்.

நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது நோட்டோ செரிஃப் தமிழை இரண்டு கணினியிலும் நிறுவுங்கள், விலை இல்லை. விண்டோஸில் வேர்டின் எழுத்துரு பெட்டியைத் திறந்தால் (கன்ட்ரோல்+D) 'காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்று தனிப் பகுதி இருக்கும். தமிழ் எழுத்துருவும் அதன் அளவும் அங்கேதான் மாற்ற வேண்டும். மேலே உள்ள பகுதியை எத்தனை முறை மாற்றினாலும் ஆங்கிலம்தான் மாறும். தமிழ் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று பலர் அலுத்துக்கொள்வது இதனால்தான். அச்சுக்கு அனுப்பும் தாளாக இருந்தால் வேர்ட் கோப்பைக் கொடுக்கவே வேண்டாம், பிடிஎஃப் கொடுங்கள். மேக் வேர்டில் பிடிஎஃப் சேமிக்கும்போது 'பெஸ்ட் ஃபார் பிரிண்டிங்' தேர்ந்தால் இணையம் இல்லாமலே வேலை முடியும். மற்றத் தேர்வு மைக்ரோசாஃப்டின் இணையச் சேவை வழியாகப் போகிறது.

இரண்டாவது கோப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. அதற்குள் இருப்பதே ஆங்கில எழுத்துகள்தான், தமிழ் வெறும் முகமூடி. யூனிகோட் மாற்றியில் ஒட்டி மாற்றிக்கொள்ளுங்கள், பிறகு 'கொ', 'கோ', 'கௌ' வரும் இடங்களை ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள். அந்த மேக்கில் இருப்பது ஆபிஸ் 2011 என்றால் யூனிகோட் தமிழும் உடைந்தே தெரியும். 2016-இலிருந்துதான் மேக் வேர்ட் தமிழைக் கோத்துக் காட்டுகிறது.

கேள்வி (ஃபீனிக்ஸ்): லோட் ஷெடிங்கில் மேசைக் கணினி அணைந்து, பெயரே வைக்காத எக்செல் தாள் போய்விட்டது. மேக்கில் இந்தத் தொல்லை உண்டா?

பதில்: கூடுதலாகவே உண்டு. விண்டோஸ் எக்செல்லில் 'ஃபைல்', 'இன்ஃபோ', 'மேனேஜ் வொர்க்புக்' போனால் 'ரிகவர் அன்சேவ்டு வொர்க்புக்ஸ்' என்று இருக்கும், முதலில் அங்கே தேடுங்கள். மேக்கில் இந்தப் பட்டியலே இல்லை. அடுத்தமுறை எக்செல் திறக்கும்போது அதுவாகக் கொண்டுவந்தால் உண்டு. இரண்டிலும் தானியங்கி மீட்புப் பிரதி இயல்பாக 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான். விண்டோஸில் 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'சேவ்'. மேக்கில் எக்செல் மெனுவின் 'பிரஃபரன்சஸ்', 'சேவ்' – அங்கே 2 நிமிடம் என்று வையுங்கள். மேலே தெரியும் 'ஆட்டோசேவ்' பொத்தானை நம்ப வேண்டாம். கோப்பு மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவிலோ ஷேர்பாயின்ட்டிலோ இருந்தால்தான் அது வேலை செய்யும்.

கேள்வி (வெருலம்): மேக்கில் எஃப்4 அழுத்தினால் சூத்திரத்தில் டாலர் குறி வருவதில்லையே?

பதில்: கமாண்ட்+T. கட்டத்தில் உள்ளதைத் திருத்த எஃப்2-க்குப் பதில் கன்ட்ரோல்+யு. கட்டத்துக்குள் அடுத்த வரிக்குப் போக கன்ட்ரோல்+ஆப்ஷன்+ரிட்டர்ன்.