காரிங்டன் பிரபு: விலகிய ஆண்டும் விலகாத ஆண்டும்

கேள்வி: பிரிட்டனின் காரிங்டன் பிரபு தன்மேல் தவறே இல்லாதபோதும் ஃபாக்லாந்து விவகாரத்தில் பதவி விலகினார். போரில் பதக்கம் வாங்கியவர் வேறு. பரம்பரைப் பிரபுக்களுக்கு இருக்கும் இந்த மான உணர்ச்சி, ஓட்டு வாங்கி வருகிறவர்களுக்கு ஏன் இல்லை? (மதுரை வாசகர்)

பதில்: அவருடைய துணிச்சலில் எனக்குச் சந்தேகம் இல்லை. 1944 செப்டம்பர் 20, ஹாலந்தின் நைமேகன் பாலம். ஜெர்மானியர்கள் எந்த நொடியிலும் வெடிவைத்துத் தகர்த்துவிடலாம். சார்ஜென்ட் ராபின்சனின் டாங்கிகள் அதன்மேல் ஏறிக் கடந்தன. அப்புறம் அதே பாலத்தில் 25 வயது கேப்டன் காரிங்டனின் டாங்கி போனது. மிலிட்டரி கிராஸ் பதக்கம் அவருக்குச் சும்மா வரவில்லை. ஆனால் மறுகரையைப் பிடிக்க, அமெரிக்க வீரர்கள் பட்டப்பகலில் கித்தான் படகுகளில் வால் ஆற்றைக் கடந்து குண்டடிபட்டுச் செத்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். அவர்களில் ஒருவரும் பிரபு இல்லை.

1982க்கு வருவோம். செலவைக் குறைக்க, தெற்கு அட்லாண்டிக்கில் இருந்த எண்டூரன்ஸ் ரோந்துக் கப்பலைத் திரும்பப் பெறப் பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட் முந்தைய ஆண்டே முடிவு செய்திருந்தார். வெளியுறவு அமைச்சராக இருந்த காரிங்டன் வேண்டாம் என்று எழுதினார், எடுபடவில்லை. ஏப்ரல் 2 அன்று அந்தக் கடலில் பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்து தீவுகளை அர்ஜென்டினா பிடித்தது. 5ஆம் தேதி அவர் விலகினார். மதிக்க வேண்டிய செயல்தான்.

ஆனால் அன்று அவரோடு இன்னும் இரண்டு வெளியுறவுத் துறை அமைச்சர்கள் விலகினார்கள்: ஹம்ப்ரி அட்கின்ஸ், ரிச்சர்ட் லூஸ். இருவருமே தேர்தலில் ஜெயித்து மக்கள் சபைக்கு வந்தவர்கள். ஜான் நாட்டும் விலக முன்வந்தார், பிரதமர் தாட்சர்தான் விடவில்லை. பிரபுவின் மானத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு இவர்களை மறந்துவிட்டுக் கேட்கிறீர்கள். இன்னொன்று: ஏப்ரல் 3, சனிக்கிழமை மக்கள் சபை கொதித்தபோது காரிங்டனால் அங்கே எழுந்து பதில் சொல்ல முடியவில்லை. 19 வயதில் அப்பா இறந்ததால் வந்த பட்டம் அவரைப் பிரபுக்கள் சபையில் உட்கார வைத்திருந்தது. ஓட்டு வாங்காதது அன்று அவருக்குப் பலம் அல்ல, பெரிய பலவீனம்.

நீங்கள் கேட்காத ஆண்டு ஒன்று இருக்கிறது. 1972 ஜனவரி 30, வட அயர்லாந்தின் டெர்ரி நகரம். விசாரணையில்லாச் சிறைவைப்பை எதிர்த்து ஊர்வலம் போனவர்களைப் பிரிட்டிஷ் பாராசூட் படையினர் சுட்டார்கள். அன்றே 13 பேர் இறந்தார்கள், பின்னர் ஒருவர். அப்போது பாதுகாப்பு அமைச்சர் யார்? காரிங்டன். சுடச் சொன்னது அவர் என்று நான் சொல்லவில்லை. இந்தச் சூட்டைப் பற்றிப் பின்னாளில் நீதிபதி சாவில் (Saville) நடத்திய விசாரணையும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஃபாக்லாந்திலும் அவர் நேரடியாகத் தவறு செய்யவில்லையே! தன் துறையில் நடந்ததற்குத் தானே பொறுப்பு என்பதுதான் 1982இல் அவர் ஏற்ற நியாயம். அந்த நியாயம் டெர்ரியின் 14 உயிர்களுக்கும் உண்டு.

அவர் விலகவில்லை. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அதே பதவியில் இருந்தார். கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களிடம் பிரிட்டிஷ் பிரதமர் கேமரன் மன்னிப்புக் கேட்டது 2010 ஜூன் 15 அன்றுதான். அதற்கு 38 ஆண்டுகள் ஆயின.